காற்றிலுள்ள வாயுக்களை வகுப்பறையில் சோதித்தறியும் முறை

ஈரம் நீங்கிய காற்றில் கன அளவுப்படி நைட்ரஜன் 78.08 விழுக்காடும், ஆக்சிஜன் 20.95 விழுக்காடும், ஆர்கான் 0.93 விழுக்காடும், கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 0.04 விழுக்காடும் உள்ளன. உயர்நிலைப் பள்ளி மாணவர் பலர் இதை மனப்பாடமாக ஒப்பித்துவிடுவர். ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு என்பதை எப்படிக் கண்டறிவது என்று கேட்டால், தட்டில் நீர் ஊற்றி மெழுகுவத்தியை ஏற்றி டம்ளரால் மூடும் சோதனையையே பெரும்பாலோர் சொல்வர்; எரிந்து தீர்ந்த ஆக்சிஜனின் இடத்துக்கு நீர் ஏறுகிறது என்பது பாடப்புத்தக விளக்கம். அந்தச் சோதனை இந்த அளவுக்குச் சான்றாகாது. இரும்பு துருப்பிடிக்கும் சோதனைதான் சான்றாகும். அதற்கு நான்கைந்து நாள் தேவைப்படும் என்பதால், அதைத் திங்கட்கிழமையே தொடங்கி, காத்திருக்கும் நாள்களில் மற்றவற்றைச் செய்வது வசதி.

தேவையானவை ஒரே அளவுள்ள இரண்டு சோதனைக்குழாய்கள், ஒரு முகவை, சிறிதளவு இரும்புத் தூள். லேத் பட்டறையில் கேட்டால் இரும்புத் தூள் கிடைக்கும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துருப்பிடிக்காது என்பதால், சோப்புத் தூள் கரைத்த நீரில் நன்கு அலசிக்கொள்ள வேண்டும். பாத்திரம் துலக்கும் பளபளப்பான கம்பி நாரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகால் ஆனது; வாரக்கணக்கில் நீரில் கிடந்தாலும் அப்படியே இருக்கும். சோதனை தோற்றதாகச் சொல்லப்படும் பல வகுப்புகளில் காரணம் இந்த நாராகத்தான் இருக்கும்.

ஒரு குழாயின் உட்புறத்தை நனைத்து, அடிப்பகுதியில் இரும்புத் தூளைத் தூவி, சுவரில் ஒட்டியிருக்குமாறு சுழற்ற வேண்டும். ஒட்டாத தூளைத் தட்டிக் கொட்டிவிட்டு, குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் வாய் முகவை நீரில் மூழ்கியிருக்குமாறு தாங்கியில் பொருத்த வேண்டும். இரும்பு இல்லாத மற்றொரு குழாயையும் அதே முகவையில் கவிழ்க்க வேண்டும். இரண்டிலும் உள்ளே நீர்மட்டம் நிற்கும் இடத்தை நூல் கட்டிக் குறித்து, அங்கிருந்து மூடிய முனை வரையுள்ள காற்றுத் தம்பத்தின் நீளத்தை அளந்து, நேரத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். நேரம் எழுதுவது வெறும் சடங்கு அன்று: வெப்பநிலை மூன்று டிகிரி மாறினாலே காற்றின் கன அளவு சுமார் ஒரு விழுக்காடு மாறிவிடும். ஆகவே நாள்தோறும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும்; இரும்பில்லாத குழாயில் மாற்றம் தெரிந்தால் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

செவ்வாயன்று மெழுகுவத்திச் சோதனையையே ஒரு விசாரணையாக நடத்தலாம். டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பில் குமிழிகள் வெளியேறுகின்றனவா, நீர் எப்போது வேகமாக ஏறுகிறது என்ற இரண்டை மட்டும் மாணவர்கள் உற்றுப் பார்க்கட்டும். சுடர் எரியும்போது நீர் அதிகம் ஏறுவதில்லை. அணைந்த பிறகுதான் விறுவிறுவென ஏறும். சூடேறி விரிந்த காற்றில் ஒரு பகுதி வெளியேறிவிட, எஞ்சியது குளிர்ந்து சுருங்குவதே அதற்கு முக்கியக் காரணம். மேலும், எரிந்து போன ஆக்சிஜனுக்கு ஈடாகக் கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. ஆக்சிஜன் சுமார் 16 விழுக்காட்டுக்குக் குறையும்போதே சுடரும் அணைந்துவிடுகிறது. அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவத்திகளை ஏற்றினால் நீர் இன்னும் உயரமாக ஏறும். டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் கூடவில்லையே, பிறகு ஏன் என்று கேட்டால், பாடப்புத்தக விளக்கத்தின் ஓட்டையை மாணவர்களே கண்டுபிடிப்பர்.

கார்பன் டை ஆக்சைடுக்குச் சுண்ணாம்புத் தெளிநீர் வேண்டும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பில் ஒரு கரண்டியைப் பாட்டில் நீரில் கலக்கி, இறுக மூடி ஓரிரவு வைத்தால், மறுநாள் மேலே தெளிந்து நிற்கும் நீரைக் கலங்காமல் வடித்துக்கொள்ளலாம். கண்ணில் பட்டால் எரியும் என்பதால் கண்ணாடி அணிவது நல்லது. உறிஞ்சுகுழல் வழியாக ஊதும் மாணவர் எக்காரணம் கொண்டும் உறிஞ்சிவிடக் கூடாது. ஊதிய சிறிது நேரத்தில் நீர் பால் போல வெளுக்கும். விடாமல் ஊதினால் கால்சியம் பைகார்பனேட் உண்டாகி மறுபடியும் தெளியத் தொடங்கும். நாம் வெளிவிடும் மூச்சில் இந்த வாயு சுமார் 4 விழுக்காடு, அதாவது வெளிக்காற்றில் உள்ளதைப் போல நூறு மடங்கு. அதனால்தான் சைக்கிள் பம்பால் அறைக்காற்றைச் செலுத்தினால் நெடுநேரம் ஆகிறது. அகன்ற தட்டில் தெளிநீரைத் திறந்து வைத்தாலோ, சில மணி நேரத்தில் மேற்பரப்பில் மெல்லிய வெண்படலம் படியும். ஊசி முனையால் தொட்டால் சில்லுச் சில்லாக உடையும். அறைக்காற்றிலும் இந்த வாயு உண்டு என்பதற்கு அந்தப் படலமே போதுமானது.

நீராவிக்குப் பனிக்கட்டி போட்ட டம்ளரின் வெளிப்புறத்தைப் பார்த்தால் போதும். உள்ளே நீரில் சிறிது மை கலந்துவிட்டால், வெளியே துளிர்த்த நிறமற்ற நீர் கசிந்து வந்ததன்று என்பது விளங்கிவிடும்.

வெள்ளிக்கிழமை இரும்புக் குழாயை அளக்கலாம். தொடக்கத்தில் காற்றுத் தம்பம் 14 செ.மீ. இருந்திருந்தால், துருப்பிடித்த இரும்பு ஆக்சிஜனை எடுத்துக்கொண்டதால் நீர் அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 2.8 செ.மீ. ஏறியிருக்க வேண்டும். குறைவாக இருந்தால் இன்னும் சில நாள் விட்டுவைத்து, இரண்டு நாள் தொடர்ந்து மாற்றமில்லை என்றான பிறகே முடிவு எழுத வேண்டும். பின்னர் குழாயின் வாயை நீருக்குள்ளேயே கட்டைவிரலால் அடைத்து வெளியே எடுத்து நிமிர்த்தி, எரியும் குச்சியை உள்ளே விட்டால் உடனே அணையும். கார்பன் டை ஆக்சைடும் சுடரை அணைக்குமே என்று யாராவது கேட்டால், நல்ல கேள்வி. இதே போல் தயாரித்த இன்னொரு குழாயில் சுண்ணாம்புத் தெளிநீரை ஊற்றிக் குலுக்கிக் காட்டலாம், அது வெளுக்காது.

ஒப்பிட்டுப் பார்க்க, மருந்துக்கடையில் கிடைக்கும் நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடைக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, பச்சை உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றைப் போட்டால், உருளைக்கிழங்கிலுள்ள நொதியால் ஆக்சிஜன் நுரைத்து வரும். கனன்று கொண்டிருக்கும் ஊதுபத்தியை அதன் வாயருகே காட்டினால் பளிச்செனச் சுடர்விடும். ஆய்வகத்தில் உள்ள 30 விழுக்காட்டுக் கரைசல் தோலைப் புண்ணாக்கும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம்.

ஆர்கானை இவ்வழிகளில் காட்ட முடியாது. அது இரும்போடும் சேராது, சுடருக்கும் உதவாது. காற்றிலிருந்து பெற்ற நைட்ரஜன், வேதிப்பொருள்களிலிருந்து பெற்றதைவிட லிட்டருக்குச் சுமார் 6 மில்லிகிராம் கூடுதல் எடை கொண்டிருப்பதை பிரிட்டிஷ் இயற்பியலாளர் ராலே கவனித்ததால்தான், அவரும் வேதியியலாளர் ராம்சேயும் 1894ஆம் ஆண்டில் அதைக் கண்டறிந்தனர். நம் குழாயில் எஞ்சிய வாயுவிலும் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆர்கான்தான். எனவே குறிப்பேட்டில் ‘எஞ்சியது நைட்ரஜன்’ என்று எழுதாமல், ‘எஞ்சியதில் பெரும்பகுதி நைட்ரஜன்’ என்று எழுதச் சொல்ல வேண்டும்.