கடல் படிமங்களை வைத்துச் சுண்ணாம்புக்கல்லின் வயதைக் கணிப்பது எப்படி? அரியலூரில் ஒரு தொடக்கப் பாடம்

அரியலூரில் சிமென்ட்டுக்காகத் தோண்டுகிற சுண்ணாம்புக்கல் முழுக்க ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சேறும் சிப்பியும்தான். "இது எத்தனை வருஷம் பழசு?" என்று யாரும் கேட்பார்கள். கார்பன் முறையில் பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அந்த முறை சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் உதவாது. நாம் பேசுவதோ கோடிக் கணக்கில். எரிமலைப் பாறையில் கிடைக்கிற, வயதை அளக்க உதவும், யுரேனியம் கலந்த சிர்கான் என்ற கனிம மணிகளும் சுண்ணாம்புக்கல்லில் அவ்வளவாக இருப்பதில்லை. ஆனால் அந்தக் கல்லிலேயே செத்துப்போன உயிர்கள் கல்லாகிப் படிமங்களாக இருக்கின்றன. வயதை அவற்றிடம்தான் கேட்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன் ஒரு விஷயம். சுரங்கத்துக்குள் அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். வெடி வைக்கிற இடம் அது. காரை கிராமம் போன்ற இடங்களில் பாறையில் பதிந்திருக்கும் படிமத்தைப் பெயர்த்து எடுக்கவும் வேண்டாம். பழக ஆரம்பிக்கிறவருக்குப் படமும் குறிப்பும் போதும்.

படி 1: முதலில் அடுக்கு, அப்புறம் படிமம்

புரண்டு போகாத படிவுப் பாறையில் கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. 1669-இல் டென்மார்க் அறிஞர் ஸ்டெனோ சொன்ன விதி இது. அரியலூர்ப் பகுதியில் அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சரிந்திருப்பதால், மேற்கே ஊட்டத்தூர், காரையில் தொடங்கிக் கிழக்கே போகப் போக நாம் காலத்தில் மேலே ஏறுகிறோம். புவியியலாளர் பிளான்ஃபோர்டு 1862-இல் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்ததும் இந்த வரிசையில்தான்.

அடுக்குகள் தெரியும் ஒரு வெட்டுமுகத்தின் முன்னால் நின்று, கீழிருந்து மேலாக ஒவ்வோர் அடுக்குக்கும் ஓர் எண் கொடுங்கள். கனம், நிறம், மணலா களிமண்ணா சுண்ணாம்பா என்று எழுதுங்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் நுரைக்கும். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள்.

பார்க்கிற ஒவ்வொரு படிமமும் எந்த எண் அடுக்கில் இருந்தது என்று அங்கேயே குறித்துவிட வேண்டும். தரையில் உதிர்ந்து கிடப்பதைத் தனிப் பட்டியலில் போடுங்கள். அது மழையில் உருண்டு வந்திருக்கலாம். எந்த அடுக்குக்கும் அது சாட்சி ஆகாது. எவ்வளவு அழகான படிமமாக இருந்தாலும், அடுக்கு தெரியாவிட்டால் வயது சொல்ல அது பயன்படாது.

படி 2: எது எது என்று அடையாளம் காணுங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் நாலைந்து வகை தெரிந்தால் போதும்.

பெலம்னைட்: கணவாய் மீனின் பழைய உறவு. விரல் போல நீண்டு ஒரு முனை கூர்ந்திருக்கும். உடைந்த வாயைப் பார்த்தால் நடுவிலிருந்து சுற்றிலும் ஓடும் மெல்லிய இழைகள் தெரியும். காரைக் களிமண்ணில், ஜிப்சம் கோடுகளுக்கு இடையில் இவை நிறைய.

கிரைஃபியா வகைச் சிப்பி: கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் இது படுகை படுகையாகக் கிடக்கிறது. ஒரு ஓடு கனத்துக் குழிந்திருக்கும், இன்னொன்று தட்டையான மூடி. ஓரத்தைத் தடவினால் வளர்ச்சி வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விரலில் தட்டும்.

அம்மோனைட்: சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்து அழிந்துபோன கடலுயிர். இதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள், வயது சொல்வதில் இதுதான் முதல் ஆள். சுருண்ட ஓட்டின் மேல்தோல் உரிந்த இடத்தில், உள்ளறைச் சுவர் ஓட்டைத் தொட்ட கோடு தெரியும். அந்தக் கோடு கொத்தமல்லி இலையின் ஓரம் மாதிரி நெளிந்து கிளைத்திருந்தால் அது அம்மோனைட். கிளைக்காமல் எளிமையாக வளைந்து மட்டும் போனால் நாட்டிலஸ் (இன்றும் கடலில் வாழும் சுருள் ஓட்டு உயிர்) குடும்பம். இந்த ஒரு வித்தியாசம் எவ்வளவு முக்கியம் என்பது அடுத்த படியில் தெரியும்.

2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது டைனோசர் முட்டை என்று பரபரப்பானது. அவை முட்டைகள் அல்ல. அம்மோனைட் போன்ற ஒரு படிமத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு இறுகி உருண்டையாவது இந்தப் பாறைகளில் சகஜம்.

படி 3: வழிகாட்டிப் படிமத்தைப் பிரித்தெடுங்கள்

எல்லாப் படிமமும் வயது சொல்லாது. குறுகிய காலம் வாழ்ந்து, உலகமெங்கும் பரவி, ஏராளமாகக் கிடைத்து, சுலபமாக அடையாளம் தெரிகிற இனம்தான் நல்ல வழிகாட்டி. நீந்தித் திரிந்து வேகமாக உருமாறிய அம்மோனைட்டுகள் இதற்குப் பொருத்தம். கிரைஃபியா வகைச் சிப்பி நீண்ட காலம் அதிக மாற்றமில்லாமல் இருந்தது. அங்கே எப்படிப்பட்ட கடல் இருந்தது என்று சொல்ல உதவும், துல்லியமான வயதுக்கு அவ்வளவாக உதவாது.

ஊட்டத்தூர்த் தொகுதியில் கிடைக்கும் மோர்டோனிசெராஸ் என்றால் ஆல்பியன் காலம் (11.3 முதல் 10.05 கோடி ஆண்டுகளுக்கு முன்). சுருள் கோபுரமாக நீண்ட டரிலைட்ஸ் காஸ்டேட்டஸ் வந்தால் செனோமேனியன் (10.05 முதல் 9.39 கோடி). ஓட்டக்கோவில் பெயரையே தாங்கிய பாகிடிஸ்கஸ் ஓட்டகோடென்சிஸ் வந்தால் மாஸ்ட்ரிக்டியன் (சுமார் 7.2 முதல் 6.6 கோடி). கிழக்கே நின்னியூரில் ஹெர்கோகுளோசா டானிகா என்ற நாட்டிலஸ் உறவு இருக்கிறது, அம்மோனைட் இல்லை. டைனோசர்களோடு அம்மோனைட்டும் அழிந்த 6.6 கோடி ஆண்டு எல்லையை அங்கே தாண்டிவிட்டோம், அது அடுத்து வந்த டேனியன் காலம்.

படி 4: ஒன்றை நம்பாதீர்கள், சேர்ந்திருப்பதைப் பாருங்கள்

என்னைக் கேட்டால் இந்த முறையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. ஒரு பேச்சுக்கு, ஒரே அடுக்கில் மூன்று இனங்கள் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். சிப்பி வாழ்ந்தது 8.4 முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வரை. அம்மோனைட் 7.5 முதல் 6.8 வரை. நுண்ணுயிர் ஒன்று 7.2 முதல் 6.6 வரை. தாளில் மூன்று கோடுகள் போடுங்கள். மூன்றும் ஒன்றாக உயிரோடு இருந்திருக்கக்கூடிய காலம் 7.2 முதல் 6.8 மட்டும். அடுக்கின் வயது அந்தத் துண்டுக்குள் இருக்கிறது. நாலாவது இனம் கிடைத்தால் துண்டு இன்னும் சுருங்கலாம்.

கோடுகள் சேரவே இல்லையா? முதலில் அடையாளத்தைச் சரிபாருங்கள். அப்புறம், பழைய பாறையிலிருந்து அரித்து வந்து இங்கே மறுபடி படிந்த படிமமா என்று பாருங்கள். அப்படிப்பட்டது முனை மழுங்கித் தேய்ந்திருக்கும். ஓட்டுக்குள் அடைத்திருக்கும் மண்ணும் சுற்றியுள்ள பாறையும் வேறு வேறாக இருக்கும். அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

படி 5: கண்ணுக்குத் தெரியாதவை

பெரிய படிமம் இல்லாத அடுக்கிலும் ஃபொராமினிஃபெரா என்ற, ஓடுள்ள கடல் நுண்ணுயிர்கள் இருக்கலாம். சுண்ணாம்புக்கல்லுக்கு இடையில் வரும் இளகிய களிமண்ணை ஒரு கைப்பிடி எடுத்து, சலவைச் சோடா கலந்த நீரில் ஊறவைத்து, 63 மைக்ரான் சல்லடையில் கழுவி, காயவைத்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். அவற்றில் ஒன்றான குளோபோட்ரங்கானா ஓரத்தில் இரட்டை வரப்போடு தெரிந்தால் பிற்காலக் கிரெட்டேசியஸ் (டைனோசர் யுகத்தின் கடைசிப் பகுதி). கெட்டிச் சுண்ணாம்புக்கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்துத்தான் பார்க்க முடியும், அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும்.

படி 6: முடிவை எழுதுவது

படிமம் நேரடியாகத் தருவது காலத்தின் பெயரைத்தான். கோடிக் கணக்கு எண்கள், இதே படிமங்கள் உள்ள அடுக்குகளுக்கு இடையே எரிமலைச் சாம்பல் படிந்த வேறு நாட்டு இடங்களில் அளந்து வந்தவை. சிப்பி ஓட்டில் உள்ள ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தின் ஐசோடோப்பு (எடை வேறுபட்ட அணு) விகிதத்தை அளந்தும் ஒத்துப் பார்க்கலாம். அதனால் "7 கோடி ஆண்டு" என்று ஒற்றை எண் போடாதீர்கள். "அடுக்கு 4, மாஸ்ட்ரிக்டியன், இன்ன இன்ன இனங்கள் சேர்ந்திருப்பதால்" என்று எழுதுங்கள். அந்தக் குறிப்பையும் படங்களையும் பக்கத்துக் கல்லூரி ஜியாலஜி துறையில் காட்டி, இனப் பெயர்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.