சம்பளம் நின்னப்போ எங்க வீட்ல பண்ணது

2020 மார்ச் கடைசில லாக்டவுன் போட்டதும் திருப்பூர்ல பனியன் கம்பெனிங்க எல்லாம் மூடிட்டாங்க, எங்க வீட்டுக்காரருக்கு பீஸ் ரேட்டு வேலை, மெஷின் ஓடலன்னா காசு இல்ல. எப்ப திறப்பாங்கன்னு யாருக்கும் தெரியல. நாள் பூரா நியூஸ் ஓடும், அத்தைக்கு பிரஷர் ஏறிடுச்சு, பையன் "அம்மா, நம்ம வீட்ட காலி பண்ணிருவோமா"ன்னு கேட்டான்.

அதுக்கப்புறம்தான் எல்லாரும் ஒண்ணா உக்காந்து, கிழிச்ச காலண்டர் தாளோட பின்பக்கம் எழுதினோம். மொத வரி அத்தையோட பிரஷர் மாத்திரை, அதுல கை வைக்கறதில்ல. அப்புறம் வாடகை, பால், கேஸ். ரேஷன்ல 1000 ரூபாயும் இலவச அரிசியும் குடுத்தாங்க, அது பெரிய உதவிங்க.

பைக் லோன் தவணைய தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதி குடுத்துச்சு, ஆனா அந்த மாசங்களுக்கும் வட்டி ஏறிட்டேதான் இருக்கும், நிறைய பேர் இத கவனிக்கல, அதனால நாங்க தவணைய நிறுத்தாம சின்ன சீட்ட நிறுத்தச் சொல்லிக் கேட்டோம், சீட்டுக்காரக்கா ஒத்துக்கிட்டாங்க.

நியூஸ் சாயங்காலம் ஒரு தடவதான். ஞாயித்துக்கிழமை கணக்கு எழுதறது பையன் வேலை, கம்பெனி திறந்தப்புறமும் அவன்தான் எழுதறான். அவன் அந்தக் கேள்விய மறுபடி கேக்கல.