கேமரா வாங்கும் முன்: போட்டோகிராபியில் நீலகிரிப் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வருவதும் ஊட்டியில் மலர்க் கண்காட்சி நடப்பதும் மே மாதத்தை ஒட்டித்தான். ஊரே கேமராவும் கையுமாகத் திரிகிற அந்த நேரத்தில், "நான் போட்டோகிராபி படிக்கப் போறேன்" என்று பல வீடுகளில் பேச்சு கிளம்பும். அதில் தப்பொன்றும் இல்லை. அப்பா அம்மா அரைமனதாகத் தலையாட்டியதுமே, எங்கே படிப்பது என்று முடிவாகும் முன்பே, ஒன்றரை லட்சத்துக்குத் தவணையில் கேமரா வீட்டுக்கு வந்துவிடுகிறதே, அதுதான் தப்பு.

பழகுகிற காலத்துக்குக் கைமாறிய பழைய கேமரா பாடியும் (லென்ஸ் இல்லாத கேமரா) ஒரு 50 எம்எம் லென்ஸும் தாராளம். மிச்சக் காசில் ஒரு பிளாஷ், ஆடாத டிரைபாட், காற்றுப் புகாத ஒரு டப்பா. டப்பாவை யாரும் வாங்குவதில்லை. இந்த மலையில் முதலில் வாங்க வேண்டியதே அதுதான். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள் கிடந்த லென்ஸை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உள்கண்ணாடியில் சிலந்தி நூல் மாதிரி வெள்ளையாகப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. வெளியே துடைத்துப் போகாது. விட்டால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும். டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரும் போட்டு, ஈரப்பதம் 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்தது படிப்பு. இங்கே பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். குஜராத் காந்திநகரில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யில் போட்டோகிராபி டிசைன் இருக்கிறது. ஆனால் அது பட்டம் முடித்தவர்களுக்கான முதுநிலைப் படிப்பு. சென்னை தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட நிறுவனத்தில் இருப்பது ஒளிப்பதிவு. சினிமாவுக்குப் போகிறவருக்குப் பொருந்தும். விஸ்காம் என்கிற விஷுவல் கம்யூனிகேஷன் மூன்று வருடப் பட்டம், அதில் விளம்பரம், டிசைன், வீடியோ என்று பலவற்றோடு போட்டோகிராபியும் ஒன்று. போட்டோகிராபியையே பட்டமாகப் படிக்க ஹைதராபாத்தில் கட்டடக்கலைக்கும் நுண்கலைக்குமான ஜே.என்.ஏ.எஃப்.ஏ. பல்கலைக்கழகத்தில் பி.எஃப்.ஏ. என்கிற நுண்கலைப் பட்டம் உண்டு. நம் ஊட்டி லவ்டேலிலேயே 2001இல் தொடங்கிய, போட்டோகிராபி சொல்லிக்கொடுக்கும் லைட் அண்ட் லைஃப் அகாடமி இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும், பணம் கட்டும் முன் போன வருட மாணவர்கள் எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டுடியோ வாரத்தில் எத்தனை மணி நேரம் கைக்குக் கிடைக்கும் என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் கட்டடத்தைச் சுற்றிக் காட்டினால் புரிந்துகொள்ளலாம்.

பட்டமே எதற்கு என்று கேட்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கேமராவைத் தாண்டிய படிப்பும் கைகொடுக்கும். காட்டு யானைகளைக் கருப்பு வெள்ளையில் எடுத்த மா. கிருஷ்ணன் படித்தது தாவரவியலும் சட்டமும். 1970இல் பத்மஸ்ரீ வாங்கியவர். இங்கே இந்து நகரில் 1967இல் உற்பத்தி தொடங்கிய, பிலிம் தயாரித்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது; டிஜிட்டல் வந்தபின் எழவே முடியாமல் மூடப்பட்டது. ஒரே ஒரு சாப்ட்வேரைச் சொல்லிக்கொடுத்துச் சான்றிதழ் தருகிற ஆறு மாத கோர்ஸ் விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொழிற்சாலைதான் ஞாபகத்துக்கு வருகிறது. ஒன்றை மட்டுமே நம்பினால், காலம் மாறும்போது அதோடு நாமும் நின்றுவிடுவோம்.

காட்டு மோகம் தனி. மசினகுடி சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கி யானையை எடுப்பதை வீரம் என்று நினைக்கிறார்கள். சரணாலயத்துக்குள் படம் எடுக்கப் போவதற்கான அனுமதி பற்றி 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே தனியாகப் பேசுகிறது. அனுமதியில்லாமல் நுழைந்தால் வழக்குதான். டிரோனும் அப்படியே. 250 கிராமுக்கு மேற்பட்டதைக் காசுக்காகப் பறக்கவிட 2021 விதிகளின்படி பைலட் சான்று வேண்டும். வெலிங்டன் ராணுவப் பகுதி, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை பக்கமெல்லாம் அதை எடுக்கவே எடுக்காதீர்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, யார் காசு கொடுப்பார்கள் என்று யோசிக்காமல் படம் எடுத்துக் குவிப்பது. தொட்டபெட்டா சூரிய உதயம் எல்லோர் போனிலும் இருக்கிறது. அதை விலைக்கு வாங்க ஆள் இல்லை. இங்கே காசு கொடுப்பவர்கள் கல்யாண வீட்டார், ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள், டீத்தூள் பாக்கெட் விற்பவர்கள், பள்ளி ஆண்டு விழா நடத்துபவர்கள். ஹோம்ஸ்டே அறை ஒன்றை எடுத்துப் பாருங்கள்: ஜன்னலுக்கு வெளியே தேயிலைத் தோட்டம் பளீரென்று இருக்கும், உள்ளே கட்டில் இருட்டில் கிடக்கும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று போய்விடும். கேமராவை டிரைபாடில் வைத்து, வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பல படம் எடுத்து, அவற்றை ஒரே படமாகச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அறை பல்பும் வானமும் சமமாகிற அந்திக்குக் காத்திருக்க வேண்டும். வேலை கேட்கும்போது காட்டுகிற போர்ட்போலியோவில் (படத் தொகுப்பில்) பத்து மூடுபனிப் படங்களுக்குப் பதில் இப்படி நாலு அறை இருந்தால் வேலை தேடி வரும்.

ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான இந்துக் கல்யாணங்கள் நின்றுவிடும். ஹோம்ஸ்டே மாதிரி வேலைகள் கையில் இருந்தால்தான் அந்த மாதங்களில் தவணை கட்ட முடியும்.

வாய்ப்பேச்சில் வேலை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒருவர் கேட்டு, அவரிடம் காசு வாங்கிக்கொண்டு நீங்கள் எடுத்துக்கொடுத்த படத்தின் காப்புரிமை (காப்பிரைட்), வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், படம் எடுக்கச் சொன்னவருக்கே போகும் என்கிறது 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு. ஆல்பத்தில் உள்ள படத்தை உங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்த நினைத்தால், அட்வான்ஸ் வாங்கும்போதே அதை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

படித்து முடித்ததும் சொந்தமாக போர்டு மாட்டுவதை விட, ஒரு சீனியரிடம் அசிஸ்டெண்டாகச் சேர்வது நல்லது. சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், கூச்சப்படாதீர்கள். ஆனால் கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் மண்டபங்களில் ரிசப்ஷன் முடிகிற நேரத்துக்கு மலையேற பஸ் கிடைப்பது கஷ்டம். சாப்பாடு, பயணச் செலவு, ராத்திரி தங்க இடம் இதெல்லாம் யார் பொறுப்பு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், அண்ணன் தம்பியாகப் பழகினாலும்.