விண்டோஸ் 11-க்கு மாற்றியதும் சத்தம் போய்விட்டதா? இந்தத் தவறுகள் வேண்டாம்

"அண்ணே, விண்டோஸ் 11 போட்டதுல இருந்து சத்தமே வரல." விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதையொட்டி மாறியவர்களில் சிலருக்கு இந்தத் தொல்லை. உடனே டவுன்ஹால் ரோட்டுக்குப் போய்ப் புது ஸ்பீக்கர் வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கும். சத்தம் வேறு வழியில் போய்க்கொண்டிருக்கும்.

ஹெச்டிஎம்ஐ கேபிளில் மானிட்டர் மாட்டியிருந்தால், அப்கிரேடுக்குப் பிறகு விண்டோஸ் அதையே ஸ்பீக்கராக எடுத்துக்கொள்வதுண்டு. மானிட்டருக்குள் ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும்தான்! செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய், அடியில் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' திறந்து, ஒரு பாட்டை ஓடவிட்டுப் பாருங்கள். 'பிளேபேக்' பட்டியலில் ஒவ்வொரு கருவியின் வலப்பக்கமும் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். எதில் பச்சை ஏறி இறங்குகிறதோ, சத்தம் அங்கேதான் போகிறது. மானிட்டர் வரிசையில் ஆடினால், 'ஸ்பீக்கர்ஸ்' மேல் ரைட் கிளிக் செய்து 'செட் அஸ் டீஃபால்ட் டிவைஸ்' கொடுங்கள். ஸ்பீக்கர்ஸ் வரிசையே காணவில்லையா? வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து 'ஷோ டிசேபிள்டு டிவைசஸ்' டிக் செய்து, தெரிந்தால் 'எனேபிள்' கொடுங்கள். ஸ்பீக்கர்ஸிலேயே பச்சை ஆடியும் கேட்கவில்லையென்றால் கேபிளைப் பாருங்கள். பின்பக்கம் பச்சை ஓட்டைதான் ஸ்பீக்கருக்கு, ரோஸ் நிறம் மைக்குக்கு.

இதையெல்லாம் பார்க்காமல் ஆடியோ டிரைவரை, அதாவது சவுண்ட் கருவியை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளை, நீக்குவதுதான் பெரிய தவறு. அதிலும் நீக்கும்போது வரும் பெட்டியில், டிரைவரையும் சேர்த்து அழிக்கவா என்ற கேள்விக்கு டிக் போட்டுவிட்டால், கையில் வேறு டிரைவர் இல்லாதவர் திண்டாடுவார். கம்ப்யூட்டரின் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில், ஆடியோ கருவிக்கு முதலில், பழைய டிரைவருக்குத் திரும்பும் 'ரோல் பேக் டிரைவர்' அழுத்திப் பாருங்கள். அது மங்கிக் கிடந்தால், லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணைப் பார்த்து, தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்து ஆடியோ டிரைவரைப் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு நீக்குங்கள். 'எல்லா டிரைவரும் இலவசம்' என்று வரும் மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம்.

டிரைவர் மாற்றியபின் ஷட் டவுன் செய்து ஆன் செய்தால் போதாது. சீக்கிரம் ஆன் ஆவதற்கான 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி இருந்தால் ஷட் டவுன் முழுதாக அணைக்காது. ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும்.

எதுவும் சரிவராவிட்டால் பழைய விண்டோஸுக்கே திரும்ப வழி உண்டு, ஆனால் மாற்றிய 10 நாட்களுக்குள். அதுவரை இடம் போதவில்லை என்று 'விண்டோஸ் டாட் ஓல்டு' ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். திரும்பும் வழியே அதற்குள்தான் இருக்கிறது.