விபத்துக் காயத்திற்கு இழப்பீடு: யாரிடம், எந்த ஆவணத்தோடு கோருவது?

மலேசியாவில் காருக்கு முதல் தரப்புக் காப்புறுதி எடுத்திருந்தால், விபத்தில் கைகால் முறிந்தாலும் நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். உண்மையில் அந்தக் காப்புறுதி உங்கள் காரின் சேதத்தையும், நீங்கள் பிறருக்கு விளைவித்த காயத்தையும் ஏற்குமே தவிர, தனிநபர் விபத்துக் காப்புறுதி சேர்ந்திராவிட்டால் ஓட்டுநரான உங்கள் காயத்திற்கு வழக்கமாக எதுவும் தராது. அந்த இழப்பீடு, தவறிழைத்த மறு ஓட்டுநரின் காப்புறுதியிலிருந்தே வர வேண்டும். ஆகவே தவறு யாருடையது என்பதையும், அதனால் உங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் தாளில் காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

பயணிகளின் நிலை இதைவிடச் சிக்கலானது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் கட்டாயமாக்கியுள்ள காப்புறுதி, சொந்தக் காரில் ஏறிவரும் உறவினரையோ நண்பரையோ உள்ளடக்க வேண்டியதில்லை. உங்கள் தவறால் அவர்கள் காயமுற்றால், பயணிகளுக்கான சட்டப் பொறுப்பு என்னும் கூடுதல் காப்பை நீங்கள் வாங்கியிருந்தாலன்றி, அந்தத் தொகை உங்கள் கையிலிருந்தே போகக்கூடும். சாலை வரியோடு காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது முகவரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலோர் கண்ணாடிக்குக் காப்பு வாங்கிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

விபத்து நடந்த 24 மணி நேரத்திற்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். “இங்கேயே பேசி முடித்துக்கொள்வோம்” என்று மறு தரப்பினர் சில நூறு ரிங்கிட்டை நீட்டினால், கழுத்து வலியும் முதுகு வலியும் பெரும்பாலும் மறுநாள்தான் தெரியவரும் என்பதை எண்ணிப் பாருங்கள். புகார் மலாயில் பதிவாகும் என்பதால், எந்தத் தடத்தில் வந்தீர்கள், விளக்கு என்ன நிறத்தில் இருந்தது, உடலில் எங்கெல்லாம் அடிபட்டது என்பவை சரியாக இடம்பெற்றுள்ளனவா என்று வாசித்துப் பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள். மலாய் சரளமாக வராதவர் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது நல்லது, ஏனெனில் பின்னாளில் நீதிமன்றத்தில் நீங்கள் சொல்வது இந்தப் புகாரோடு ஒத்துப்போகாவிட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது அதைத்தான். பினாங்கில் ஜார்ஜ்டவுன் விபத்துகள் ஜாலான் பட்டாணியிலுள்ள வடகிழக்கு மாவட்டப் போலீஸ் தலைமையகத்தின் கீழ் வரும். விசாரணை அதிகாரியின் பெயரைக் குறித்துக்கொண்டு, இரு தரப்புப் புகார்கள், விபத்து இடத்தின் வரைபடம், அதன் விளக்கக் குறிப்பு, புகைப்படங்கள், விசாரணை முடிவு ஆகியவற்றைக் கட்டணம் செலுத்திப் பெறுங்கள்.

அன்றே மருத்துவமனைக்குச் செல்வதும் அவ்வளவு முக்கியம். பினாங்கு மருத்துவமனையின் அவசரப் பிரிவானாலும் தனியார் மருத்துவமனையானாலும், சிறு வலியையும் மருத்துவரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள்; முதல் நாள் பதிவில் இல்லாத முழங்கால் வலியை ஆறு மாதம் கழித்து நிரூபிப்பது கடினம். மருந்து, போக்குவரத்து, பராமரிப்பாளர் ஆகிய செலவுகளுக்கான ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்.

வருமான இழப்பில்தான் நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம் 2019இல் திருத்தப்பட்ட பிறகு, காயமுற்றபோது 60 வயதை எட்டியவருக்கு எதிர்கால வருமான இழப்பீடு கிடையாது. 30 வயதும் அதற்குக் கீழும் உள்ளவருக்கு 16 ஆண்டு வருமானம் கணக்கிடப்படும். இடைப்பட்டவருக்கு 60இலிருந்து வயதைக் கழித்து, வருவதில் பாதி. மாதம் 2,000 ரிங்கிட் ஈட்டிய 40 வயதுக்காரர் அறவே வேலை செய்ய முடியாமல் போனால், 10 ஆண்டுக் கணக்கில் 240,000 ரிங்கிட் வரும்; அதிலிருந்து அவருடைய வாழ்க்கைச் செலவு கழிக்கப்படும். ஆனால் அந்த 2,000 ரிங்கிட்டைச் சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதி அறிக்கை, வருமான வரிப் படிவம் போன்றவற்றால் காட்ட வேண்டும். ரொக்கமாகவே வாங்கிச் செலவழிக்கும் அங்காடிக்காரரும் குத்தகை வேலையாளும் வங்கியில் போட்டு எடுக்கும் பழக்கத்தை விபத்துக்கு முன்பே வைத்திருந்தால்தான் உண்டு.

வேலைக்குச் செல்லும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்து நேர்ந்தால், தவறு யாருடையதாக இருந்தாலும், தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் விண்ணப்பிக்கலாம். காப்புறுதியே இல்லாத வாகனம் மோதியிருந்தால், மேற்கு மலேசிய மோட்டார் காப்புறுதி நிறுவனங்களின் கூட்டுப் பணியகத்தை நாடலாம்.

மருத்துவமனைப் படுக்கைக்கே வந்து “வழக்குப் போட்டுத் தருகிறேன், ஜெயித்தால் இத்தனை விழுக்காடு” என்று பேசும் தரகரிடம் எதிலும் கையொப்பமிட வேண்டாம். ஜெயித்தால் மட்டும் பங்கு என்ற கட்டண ஒப்பந்தத்தை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் அனுமதிப்பதில்லை. வசதியில்லாதவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் ஆலோசனை கேட்கலாம்.

தீபகற்பத்தில் காய வழக்கைத் தொடுக்க ஆறு ஆண்டுகள் அவகாசம் உண்டு. மரணமுற்றவரின் சார்ந்தோர் கோருவதற்கு மூன்று ஆண்டுகள். அரசாங்க வாகனம் என்றால் 36 மாதங்கள். விபத்து வழக்குகளில் தொகை எவ்வளவானாலும் செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கலாம்.

பெரும்பாலான வழக்குகள் தீர்ப்புக்கு முன்பே சமரசத்தில் முடிகின்றன. முழுத் தீர்வு என்று எழுதப்பட்ட தாளில் கையொப்பமிட்ட பிறகு மேலும் கேட்க வழியில்லாததால், எலும்பில் பொருத்திய தகட்டை அகற்றும் அறுவைச் சிகிச்சை இன்னும் பாக்கியிருக்கிறதா, அதற்கு எவ்வளவு ஆகும் என்பதை நிபுணரின் அறிக்கையில் எழுதி வாங்கி, அந்தத் தொகையும் சேர்க்கப்பட்டிருப்பதைப் பார்த்த பிறகு பேனாவை எடுங்கள்.