நெலக்கடல காட்டுல ஆர்பிடி (ரேண்டமைஸ்டு பிளாக் டிசைன், அதாவது காட்ட பட்டை பட்டையா பிரிச்சு ஒவ்வொண்ணுக்குள்ளயும் சீட்டு குலுக்கி சோதனை போடற முறை) போடறது எப்படீங்க?

பிஎஸ்சி படிக்கற பசங்க நெறைய பேரு அறுவடையெல்லாம் முடிச்சு டேட்டாவ கையில வெச்சுக்கிட்டுதான் "அண்ணா, இதுக்கு எந்த டெஸ்ட் போடறதுங்க"ன்னு வர்றாங்க. அது வெதைக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ண வேண்டிய சமாச்சாரமுங்க. கோபி பக்கம் கீழ்பவானி பாசனத்துல ஒரு கடலக்காடு, ஜிப்சம் எவ்வளவு போட்டா காய் எவ்வளவு வருதுன்னு பாக்கோணும், அப்படின்னு வெச்சுக்கலாம்.

மொதல்ல ட்ரீட்மென்ட், அதாவது ஒப்பிட்டுப் பாக்கற ஜிப்சம் அளவுக. ஹெக்டேருக்கு 0, 200, 400, 600 கிலோ, ஆக 4. வழக்கமா சிபாரிசு பண்றது 400. அந்த 0தான் கண்ட்ரோல் (ஒண்ணும் போடாம ஒப்பிடறதுக்கு வெக்கறது), அத விட்டறாதீங்க.

அப்புறம் எத்தன ரெப்ளிகேஷன், அதாவது ஒவ்வொரு ட்ரீட்மென்ட்டையும் எத்தன பாத்தியில திருப்பிப் போடறது? எரர் டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் (தற்செயலா வர்ற வித்தியாசத்த கணிக்க எவ்வளவு தகவல் கையில இருக்குதுங்கற எண்ணிக்கை) 12க்கு கொறையக்கூடாதும்பாங்க. ட்ரீட்மென்ட்ல ஒண்ணு கழிச்சா 3, ரெப்ளிகேஷன் 5ன்னா அதுல ஒண்ணு கழிச்சு 4, ரெண்டையும் பெருக்குனா 12. ஆக 20 பாத்தி, ஒவ்வொண்ணும் 5க்கு 4 மீட்டர்னா வரப்பு வாய்க்கா போக 10 சென்ட் கிட்ட வரும்.

இப்பதான் முக்கியமான எடம். வாய்க்கா ஓரம் ஈரம் நிக்கும், அக்கட்டால போகப் போக காஞ்சு கெடக்கும், அதனால வாய்க்காலுக்கு இணையா 5 பட்டையா பிரிச்சு ஒரு பட்டைய ஒரு பிளாக்குன்னு வெச்சீங்கன்னா அதுக்குள்ள இருக்கற 4 பாத்திக்கும் தண்ணி ஒரே மாதிரி கெடைக்கும். குறுக்க பிரிச்சா ஒவ்வொரு பிளாக்குக்குள்ளயும் ஈரமும் காய்ச்சலும் கலந்துரும், பிளாக் போட்டும் பிரயோஜனமில்ல. 1919ல இங்கிலாந்துல இருக்கற ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணைக்குப் போன புள்ளியியல் நிபுணர் ஃபிஷர் இந்த வயக்காட்டு தொல்லைகள வெச்சுத்தான் இதையெல்லாம் உருவாக்குனாரு.

ஒவ்வொரு பிளாக்குக்கும் தனித்தனியா சீட்டு குலுக்குங்க. ஒரு தடவ குலுக்குன வரிசையவே அஞ்சு பட்டைக்கும் போடறது ரேண்டமைசேஷன் இல்லீங்க.

மண் அணைக்கறப்ப ஜிப்சம் போடோணும். 20 சதுர மீட்டர் பாத்திக்கு 200ங்கறது 400 கிராம், 400ன்னா 800 கிராம், 600ன்னா 1.2 கிலோ. கவர்ல எடை போட்டு பாத்தி நம்பர் எழுதி முன்னாடி நாளே ரெடி பண்ணிக்கோங்க.

காய் பறிக்க ரெண்டு பேரு வந்தா ஆளுக்கு ஒரு முழு பிளாக்கா குடுங்க, ஆளுக்கு ஆள் வர்ற வித்தியாசம் பிளாக்கோட போயிரும். ஓர வரிசைய கணக்குல சேக்காதீங்க. காய் எண்ணிக்கைக்கு பாத்திக்கு 5 செடி புடுங்குனா சராசரி எடுத்து ஒரே நம்பராக்கோணும், 100 செடி புடுங்குனேன் அதனால சாம்பிள் எண்ணிக்கை (n) 100ன்னு எழுதுனா வைவாவுல மாட்டிக்குவீங்க.

அனோவா (மொத்த வித்தியாசத்துல எது ட்ரீட்மென்ட்டால வந்துச்சு, எது தற்செயலுன்னு பிரிக்கற கணக்கு) போட்டா ட்ரீட்மென்ட்டுக்கு 3, எரருக்கு 12 டிகிரீஸ். எஃப் மதிப்பு (ட்ரீட்மென்ட் வித்தியாசம் எரரப் போல எத்தன மடங்குன்னு காட்டறது) 3.49 தாண்டுனாத்தான் 5 சதவீதத்துல சிக்னிஃபிகண்ட், அதுக்கப்புறம்தான் சிடி (கிரிட்டிகல் டிஃபரன்ஸ், ரெண்டு சராசரிக்கு நடுவுல இத தாண்டுனாத்தான் வித்தியாசம்னு எடுத்துக்கலாம்). சும்மா ஒரு கணக்குக்கு அனோவா டேபிள்ல வர்ற எரர் மீன் ஸ்கொயர் 0.1ன்னா அத ரெண்டால பெருக்கி 5ல வகுத்து வர்க்கமூலம் எடுத்தா 0.2, அத டி மதிப்பு 2.179ஆல பெருக்குனா சிடி 0.44 கிலோ. பாத்திக்கு சராசரியா கண்ட்ரோல் 4.0 கிலோ, 400க்கு 4.6, 600க்கு 4.8 வந்துச்சுன்னா 400 கண்ட்ரோல தாண்டிருச்சு, 400ம் 600ம் ஆன் பார், அதாவது ரெண்டுக்கும் வித்தியாசம்னு சொல்ல முடியாது.

எஃப் தேறலைன்னா "ஜிப்சத்துக்கு பலனில்ல"ன்னு எழுதிராதீங்க, "இந்த சோதனையில வித்தியாசம் தெரியல"ன்னு எழுதுங்க, அம்புட்டுதான் உங்க 20 பாத்தி சொல்லுது.