பழைய சிந்த்துக்கு ஒரிஜினல் பார்ட் கிடைக்கலையா? இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

எண்பதுகள்ல வந்த சிந்த்தசைசர் (சர்க்யூட்டாலயே சத்தத்தை உண்டாக்குற கீபோர்டு, சுருக்கமா சிந்த்) ஒண்ணு ரிப்பேருக்கு வந்தா நிறைய பேரு மொத வேலையா மூடியைத் திறந்து ஐசி (சிப்) நம்பரைப் படிச்சு நெட்ல தேடுறாங்க, இது நின்னு போன ஐட்டம்னு தெரிஞ்சதும் ஒண்ணு மெஷினை மூலையில போட்டுடுறாங்க, இல்லன்னா கைக்கு கிடைச்ச எதையாவது மாட்டிடுறாங்க. பார்ட் இல்லாம செத்த மெஷினை விட, இப்படி எதையோ மாட்டினதால செத்ததைத்தான் நான் அதிகமா பார்த்திருக்கேன். அந்த பார்ட் அந்த இடத்துல என்ன வேலை பார்க்குதுன்னு புரியாம மாத்துறதுலதான் எல்லா வம்பும் ஆரம்பிக்குது.

மொத தப்பு, சப்ளையைப் பார்க்காமலே அரிய ஐசி மேல பழி போடுறது. ஜப்பான்ல அவங்க ஊருக்குன்னு வித்த மாடல் 100 வோல்ட்டுக்கானது. செகண்ட்ஹேண்ட்ல வாங்கிட்டு வந்து வெறும் பின் அடாப்டர் போட்டு நம்ம 230 வோல்ட்ல சொருகினா டிரான்ஸ்ஃபார்மர், ரெகுலேட்டர்னு வரிசையா அடிவாங்கும். அதனால முதுகுல ஒட்டியிருக்க வோல்ட்டேஜ் லேபிளைப் படிங்க, அப்புறம் மல்டிமீட்டரை எடுத்து சர்வீஸ் மேனுவல்ல சொன்ன வோல்ட்டேஜ் எல்லாம் வருதான்னு பாருங்க, அதுக்கப்புறம் ஐசி பத்தி யோசிக்கலாம்.

ரோலண்ட் ஜூனோ-106 (1984) கதையைக் கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். அதுல ஆறு வாய்ஸ், அதாவது ஒரே நேரத்துல ஆறு நோட்டு பாட ஆறு தனி சர்க்யூட், ஒவ்வொண்ணுக்கும் 80017ஏன்னு ஒரு சிப். ஒரு சர்ச்ல இருந்து வந்த மெஷின்ல ஆறு நோட்டுக்கு ஒரு தடவை கடுகு தாளிக்கிற மாதிரி படபடன்னு சத்தம். ஆறு சிப்பையும் மாத்தணும்னு யாரோ அவங்ககிட்ட ஏற்கனவே சொல்லியிருந்தாங்க. கீ ட்ரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கிக்கிட்டே ஆன் பண்ணா டெஸ்ட் மோடுக்குப் போகும், ஒவ்வொரு கீ அமுக்கும்போதும் எந்த வாய்ஸ் பேசுதுன்னு டிஸ்ப்ளேல நம்பர் வரும், அப்படிப் பார்த்ததுல நாலாவது வாய்ஸ் மட்டும்தான் தகராறு. அந்த 80017ஏ உண்மையில ஒரே சிப் இல்ல, ஒரு குட்டி போர்டுல ஃபில்டருக்கு ஒண்ணு வால்யூமுக்கு ஒண்ணுன்னு ஐசி வச்சு மேல கருப்பா எபாக்ஸி பூசினது. வருஷம் ஆக ஆக அந்தப் பூச்சே லேசா கரண்ட் கசிய விடுது. அதான் சத்தமே. கண்ணாடி பாட்டில்ல அசிட்டோன் ஊத்தி சிப்பைப் போட்டு மூடி ரெண்டு மூணு நாள் விட்டா (காத்தோட்டமான இடத்துல, பக்கத்துல நெருப்பு கூடாது) கருப்புத் தோல் ஊறி உப்பிக்கிட்டு வரும், பல்குத்துற குச்சியால மெதுவா நெம்பணும், கத்தி வச்சு சுரண்டினா அடியில இருக்க கடுகு சைஸ் ரெசிஸ்டன்ஸும் சேர்ந்து வந்துடும். உரிச்சு, காயவச்சு, சாக்கெட் போட்டு மாட்டினேன், நாலாவது வாய்ஸ் சுத்தமா பாடுச்சு. எல்லா சிப்பும் இப்படி பொழைக்காது, பொழைக்காததுக்கு இப்போ புதுசா செஞ்ச மாற்று சிப்பே விக்கிறாங்க.

அதே மாதிரி சிஇஎம்3340. ப்ராஃபெட்-5 மூணாவது ரிவிஷன், எஸ்எச்-101 இந்த மாதிரி சிந்த்லெல்லாம் இருக்க ஆசிலேட்டர் (அடிப்படை சத்தத்தை உண்டாக்குற) ஐசி. இன்னமும் இது கிடைக்கவே கிடைக்காதுன்னு நம்பி இன்னொரு மெஷினை உடைச்சு எடுக்குறவங்க இருக்காங்க, பார்க்கவே மனசு கஷ்டமா இருக்கும். 2016லயே கர்ட்டிஸ் கம்பெனி அதை மறுபடி போட்டுட்டாங்க, லாட்வியால இருந்து ஏஎஸ்3340ன்னும் வருது. ஒரு நல்ல மெஷினைக் கொன்னு இன்னொண்ணைக் காப்பாத்தணும்னு அவசியமே இல்ல. ஆனா ரொம்ப சல்லிசா வர்ற "ஒரிஜினல் பழைய ஸ்டாக்" மேல சந்தேகம் இருக்கட்டும், மேல இருக்க எழுத்தை அழிச்சு வேற நம்பர் அடிச்ச ஐசி மார்க்கெட்ல நிறைய சுத்துது.

சாதாரண பார்ட்ல நடக்குற தப்புதான் இன்னும் அதிகம். ஜப்பான் மெஷின்ல சி945ன்னு ஒரு டிரான்சிஸ்டர் எங்க பார்த்தாலும் இருக்கும். சென்னை எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்டான ரிச்சி ஸ்ட்ரீட்ல பிசி547 ஈஸியா கிடைக்குதேன்னு அதே ஓட்டைல அப்படியே சொருகுவாங்க. தட்டையான பக்கம் நம்மைப் பார்க்க வச்சா சி945க்கு இடமிருந்து எமிட்டர், கலெக்டர், பேஸ். பிசி547க்கு கலெக்டர், பேஸ், எமிட்டர். திருப்பிப் போட்டாலும் சரி வராது, காலை வளைச்சு குறுக்கா மாத்தி, ஸ்லீவ் போட்டுதான் வைக்கணும்.

எட்டு லைன்ல ஒண்ணைத் தேர்ந்தெடுக்குற சுவிட்ச்சான 4051 ஐசிலயும் இப்படித்தான். 15 வோல்ட் ஓடுற இடத்துல சிடி4051க்குப் பதிலா 74எச்சி4051 போட்டா தாங்காது, அதுக்கு மொத்தமே 10 வோல்ட்தான் லிமிட்.

ஆப்-ஆம்பை (சிக்னலைப் பெருக்குற ஐசி) "அப்கிரேட்" பண்றேன்னு கிளம்புறதும் தப்புதான். ஆடியோவுக்கு என்இ5532 நல்ல ஐசி, அதுல மறுபேச்சில்ல. ஆனா பாலிசிந்த்ல (ஒரே நேரத்துல பல நோட்டு பாடுறது) ஒரே டிஏசி (டிஜிட்டல் எண்ணை வோல்ட்டேஜா மாத்துறது) ஒவ்வொரு வாய்ஸுக்கா போய் ஒரு குட்டி கண்டென்சர்ல வோல்ட்டேஜை நிரப்பி வச்சுட்டு அடுத்ததுக்குப் போகும், திரும்பி வர்ற வரைக்கும் அந்த வோல்ட்டேஜ் இறங்காம நிக்கணும். அங்க இருக்க டிஎல்082ங்கிற ஆப்-ஆம்ப் அந்த கண்டென்சர்ல இருந்து கிட்டத்தட்ட எதையுமே உறிஞ்சாது, 5532 உறிஞ்சும். விளைவு, ஃபில்டரும் பிட்ச்சும் ஓட்டைப் பானை மாதிரி இறங்கிக்கிட்டே இருக்கும், நீங்க எங்கெங்கயோ ஃபால்ட் தேடிட்டு இருப்பீங்க.

சில அனலாக் ஆசிலேட்டர்ல பார்க்க சாதாரண ரெசிஸ்டன்ஸ் மாதிரியே டெம்ப்கோன்னு ஒரு தனி ரெசிஸ்டன்ஸ் இருக்கும், ஒரு டிகிரிக்கு சுமார் 0.33 சதவீதம் மதிப்பு ஏறுற மாதிரி வேணும்னே செஞ்சது, சூட்டுல டிரான்சிஸ்டர் பண்ற மாத்தத்தை அது ஈடுகட்டும். அதே ஓம்ஸ்தானேன்னு சாதா ரெசிஸ்டன்ஸ் வச்சா காலைல ட்யூன் பண்ணது மத்தியான வெயில்ல சுருதி விலகிடும், ஸ்டேஜ் லைட்டுக்கு அடியில கேக்கவே வேணாம்.

பேட்டரியை ரொம்ப பேரு கண்டுக்கவே மாட்டேங்குறாங்க. கோர்க் பாலிசிக்ஸ்ல (1981) இருக்க நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிஞ்சு கேஎல்எம்-367 போர்டோட ட்ராக்கையே தின்னுடும், ஒழுங்கா பாடுதுன்னு விட்டு வைக்காதீங்க, இன்னைக்கே கழட்டுங்க. கசிஞ்சது காரம், அதனால வினிகரால தொடச்சு, தண்ணியால கழுவி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போட்டு காயவைக்கணும். அந்த இடத்துல லித்தியம் காயின் செல் வைக்கிறவங்க சார்ஜ் ஆகுற லைனை டயோடு போட்டு கட்டாயம் தடுக்கணும், லித்தியத்துக்கு சார்ஜ் ஏறினா வெடிக்கக்கூட செய்யும். யமஹா டிஎக்ஸ்7ல வேற பிரச்சனை, பேட்டரியை எடுத்தா உள்ள இருக்க 32 சவுண்டும் போயிடும். வாசிச்சவரு வருஷக்கணக்கா உக்காந்து பண்ணி வச்சதா இருக்கலாம், மிடி (இசைக் கருவிகளை இணைக்கிற கேபிள் இணைப்பு) வழியா கம்ப்யூட்டருக்கு எடுத்துட்டு அப்புறம் சால்டரிங் அயர்னை சூடு பண்ணுங்க, வெறும் 4104 பைட்தான்.

எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரை எல்லாம் ஒரே மூச்சுல மாத்துறது எனக்குப் பிடிக்காது. பவர் சப்ளைல இருக்கதை மாத்துங்க, மத்தது அளந்து பார்த்து கெட்டிருந்தா மட்டும். பழைய ஒத்தைப் பக்க போர்டுல சூடு கூடினா ட்ராக் பிச்சிக்கிட்டு வந்துடும். நிச்சயமா செத்த ஐசின்னா காலை ஒவ்வொண்ணா வெட்டிட்டு அப்புறம் காலைத் தனித்தனியா எடுங்க, போர்டு பொழைக்கும். உயிர் இருக்க வாய்ப்புள்ள அரிய சிப்பா இருந்தா புது ஈயம் கொஞ்சம் சேர்த்து, டீசால்டர் பம்ப் வச்சு பொறுமையா முழுசாவே எடுக்கணும்.

கழட்டின ஒரிஜினலைக் குப்பைல போட்டுடாதீங்க. அந்த சர்ச் ஜூனோக்குள்ள அடித்தட்டுல ஒரு சின்ன கவர் ஒட்டி, எந்த வாய்ஸ், என்ன பண்ணேன், என்னைக்குன்னு ஒரு துண்டு பேப்பர்ல எழுதி வச்சிருக்கேன். அடுத்து அதைத் திறக்கப்போறவருக்கு முதல்ல கண்ணுல படுறது அதுவாத்தான் இருக்கும்.